குழுவுக்கு ஒரு பெருந்தச்சன்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் மிக நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும், இன்னார் இன்ன தெருவின் இன்ன சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியிருத்தப்பட்டார் என்ற விவரத்தையும் சலிப்பில்லாமல் எழுதிவிட்டு, நட்டுவர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று கோயிலின் நித்தியப்படி காரியங்களுக்கு வேண்டிய அத்தனை பேரையும் அது வரிசைப்படுத்துகிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் என்பது ஜீவிதக் கணக்கு. அந்த ஜனத்திரளின் நடுவே, எவ்விதப் புகழ்மாலையும் இல்லாமல், தச்சாசாரியம் செய்வோர் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் தலைவன். குணவன் மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சனும், இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சனும் அவனுக்குக் கீழே தொழில் செய்கிறவர்கள்.

விமானத்தை வகுத்தவன் இந்தக் குஞ்சரமல்லன்தான் என்று கல் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அரசனுடைய பெயரையே பட்டமாகப் பெற்று, அந்தக் கோயிலின் தச்சர்களுக்குத் தலைவனாக வைக்கப்பட்டவன் வேறு யாராக இருக்கக்கூடும் என்று கருதி ஆராய்ச்சியாளர்கள் அவனையே நிர்மாணகர்த்தாவாகக் கொள்கிறார்கள். அந்த அபிப்பிராயத்தை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் என் மனத்தைப் பிடித்து நிறுத்துவது ஆண்டுக் கணக்கு. விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை இராஜராஜன் அளித்தது அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல். ஊழியர் பட்டியலோ 29-ஆம் ஆண்டுவரை செய்த ஏற்பாடுகளைச் சொல்வது. கல்லே கிடைக்காத வண்டல் நாட்டில், வெகுதூரத்திலிருந்து பாறைகளைக் கொண்டுவந்து இருநூறு அடிக்கு மேல் அடுக்கி முடித்து நாலு வருஷம் கடந்த பிறகும், பெருந்தச்சன் விளக்கேற்றுகிறவரோடும் நீர் தெளிக்கிறவரோடும் சேர்ந்து அதே கோயிலில் நெல் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பெருந்தச்சனை இப்போது நினைக்கக் காரணம் உண்டு. கணினித் தொழிலில் அஜைல் என்று வழங்கும் முறைப்படி வேலை செய்கிற சிறு குழுக்களுக்குத் தொழில்நுட்பத் தலைவரை, அதாவது அலுவலகப் பேச்சில் டெக் லீட் என்று சொல்லப்படுபவரை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி இப்போது தஞ்சாவூருக்கும் வந்துவிட்டது. 1984-இல் சண்முகா பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய சாஸ்த்ராவும், டெல்டாவெங்கும் பிறகு எழுந்த கல்லூரிகளும் நாற்பது ஆண்டுகளாகப் பொறியாளர்களை உண்டாக்கிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலேற்றிக்கொண்டிருந்தன. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டபின், திருவையாற்றிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து வேலை பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்கிற நிலை சிலருக்காவது வாய்த்திருக்கிறது. பெருநகரத்து நிறுவனங்களில் இந்த ஸ்தானத்துக்கு ஆள் எடுக்க ஒரு தனி இலாகாவே இருக்கும். இங்கே ஏழெட்டுப் பேர் கொண்ட அலுவலகத்தில் முதலாளி ஒருவரே ஒரு சாயங்காலம் யோசித்து முடிவு செய்யவேண்டியிருக்கிறது. அவருக்கு உபயோகமாகட்டும் என்றே இந்தக் கட்டுரை.

அஜைல் என்பதற்குப் பெரிய வியாக்கியானம் தேவையில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி, வருஷக்கணக்கில் திட்டம் தீட்டி, கற்றைகற்றையாகக் காகிதம் எழுதி, கடைசியில் யாருக்கும் வேண்டாத மென்பொருளைக் கொடுப்பதைவிட, சிறுகச் சிறுகச் செய்து, உபயோகிப்பவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு போவதே மேல் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். இம்முறையில் மிகுதியும் வழங்குவது ஸ்க்ரம். அதில் என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்ய ஒருவர், வேலைமுறை பிசகாமல் பார்த்துக்கொள்ள ஒருவர், இவர்களைத் தவிர எல்லோரும் செய்பவர்கள். டெக் லீட் என்ற ஸ்தானமே அதன் சாஸ்திரத்தில் கிடையாது. குழுவில் எல்லோரும் சமம் என்ற உயர்ந்த எண்ணத்தினால் விடப்பட்ட இடம் அது. ஆனால் இரண்டு பேருக்குள் அபிப்பிராய பேதம் வந்து, எந்த வழியில் போவது என்று எல்லோரும் திரும்பி ஒருவருடைய முகத்தைப் பார்க்கிறார்களே, அந்த முகம் இல்லாத குழுவை நான் கண்டதில்லை. பட்டம் கொடுத்து வைக்காவிட்டால், உரத்துப் பேசுகிறவர் அந்த இடத்தைத் தாமே எடுத்துக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரான கொள்கையும் ஒரு காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பிரம்மாண்டமான ஒரு மென்பொருள் வேலையை நடத்தி அதன் கஷ்டங்களையெல்லாம் அனுபவித்த பிரெடெரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதிய நூலில், ஹார்லன் மில்ஸ் என்பவரின் யோசனையைப் பின்பற்றி, குழு என்பது ஆபரேஷன் அறையைப் போல இருக்கவேண்டும், கத்தி ஒருவர் கையில், மற்றவரெல்லாம் உதவி என்றார். தாமதமாகிவிட்ட வேலையில் ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று சொன்னவரும் அவரே. அந்த வாக்கு இன்றளவும் பொய்க்கவில்லை. ஒற்றைச் சிகிச்சை நிபுணர் யோசனைதான் நிலைக்கவில்லை. அந்த நிபுணர் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டால் நோயாளி மேஜையிலேயே கிடப்பார். குஞ்சரமல்லனுக்குக் கீழே வேலை செய்த இருவரும்கூடப் பெருந்தச்சர் என்றே கல்லில் குறிக்கப்பட்டிருப்பதை இவ்விடத்தில் கவனிக்கவேண்டும். அவர்கள் உளி எடுத்துக் கொடுக்கிற எடுபிடிகள் அல்லர்; ஒருவன் நோயில் விழுந்தால் மற்றவன் ஏற்று நடத்தக்கூடிய யோக்கியதை உடையவர்கள்.

சரி, யாரைத் தேர்வது? வழக்கத்தில் இரண்டு தப்புகள் மிகுதி. ஸர்வீஸ் அதிகமானவரை உட்காரவைப்பது ஒன்று. அதைப் பற்றி அதிகம் சொல்வானேன், எல்லாருக்கும் தெரிந்ததே. மிக வேகமாக எழுதுகிறவரை உட்காரவைப்பது மற்றொன்று. இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றுவதால் இதன் அபாயம் பெரிது. ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும்.

நம் ஊர்களில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிற ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். விவசாயி சிட்டா அடங்கலோடு வருகிறார். நெல்லைக் களத்தில் கொட்டித் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சிப்பமாகப் பிடித்துத் தைத்து, பட்டியல் எழுத்தர் பட்டியல் போட, பணம் பாங்குக் கணக்குக்குப் போகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. குழுவில் உள்ள கெட்டிக்கார இளைஞர் இந்த 17 என்ற எண்ணைத் திரையில் ஓரிடத்திலும், பட்டியலில் ஓரிடத்திலும், மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஓரிடத்திலுமாக எழுதித் தள்ளி, பத்தே நாளில் வேலையை முடித்து, ஸ்பிரிண்ட் என்கிற அந்தத் தவணையின் முடிவில் எல்லோரும் கைதட்டும்படி காட்டிவிடுகிறார். அவரையே லீட் ஆக்கவேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றுவது இயற்கை.

அதே குழுவில் இன்னொரு பெண்; அவர் வேலை அந்தப் பத்து நாளில் பாதிதான் ஆகியிருக்கிறது. ஏனெனில் முதல் இரண்டு நாள் அவர் கொள்முதல் நிலையத்துக்குப் போய், பட்டியல் எழுத்தரின் பக்கத்தில் ஒரு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பதினேழு எப்போதாவது மாறுமா அண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தார். “மழை பிடிச்சுக்கிட்டா மாறும் மேடம்,” என்கிறார் எழுத்தர். “மத்திய குழு வந்து நெல்லைப் பார்த்துட்டுப் போவாங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் நெல்லு ரோட்டுல கெடக்கும். வந்தா அன்னிக்கே எடுக்கச் சொல்லுவாங்க.”

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் வந்து முட்டிக்கொள்கிற இந்த நாட்டில், அது நடவாத அதிசயம் அன்று. பல ஆண்டுகளில் அவ்வாறு விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் அந்த எண்ணை நிரலுக்குள் புதைக்காமல் வெளியே ஓர் அட்டவணையில் வைத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த எல்லை என்று எழுதுகிறார். தேதி எதற்கு? தளர்வுக்கு முன் வாங்கிய நெல்லின் பட்டியலை ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்காரர் எடுத்துப் பார்க்கும்போது, அன்றைய விதியே அதில் நிற்கவேண்டும்; இன்றைய விதி பழைய பட்டியலில் ஏறிவிட்டால் எழுத்தரின் உத்தியோகத்துக்கே ஆபத்து. களத்தில் செல்போன் ஸிக்னல் போய்விட்டால் பட்டியல் எங்கே தங்கும் என்பதையும் அவர் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தளர்வு ஆணை வருகிற அன்று, அந்தப் பெண் ஒரு வரியைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவார். கெட்டிக்கார இளைஞரோ மூன்று இடத்தில் இரண்டை மாற்றி ஒன்றை மறந்து, திரையில் ஏற்கும் நெல்லைப் பட்டியலில் திருப்பியனுப்பிக்கொண்டிருப்பார்.

இளைஞரைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. அவர் கைவேகம் குழுவுக்குப் பெரிய சொத்து. அவரை எழுதவிட வேண்டும். ஆனால் தலைமை ஸ்தானத்துக்கு வேண்டிய லட்சணம், தாம் செய்த பண்டம் தம் கையைவிட்டுப் போனபின் அதற்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி முன்கூட்டியே ஏற்படும் ஒரு கவலை. அது சோதனைப் பரீட்சையில் தென்படாது. வெள்ளைப் பலகையில் புதிர் போட்டு விடுவிக்கச் சொல்கிற நேர்முகத்தில் எவ்வளவு துருவினாலும் அகப்படாது. அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகெல்ஸ் 2006-இல் ஒரு பேட்டியில், எவர் கட்டினாரோ அவரே அதை ஓட்டவும் வேண்டும் என்பது தங்கள் நிறுவனத்தின் வழக்கம் என்று சொல்ல, மென்பொருள் உலகமே அதைப் புதிய உபதேசமாக எடுத்துக்கொண்டது. பெரிய கோயிலின் ஜீவிதப் பட்டியலைப் பார்த்தவருக்கு அதில் ஆச்சரியப்பட அதிகம் இருக்காது.

இதே கவலையைக் காவிரியில் தண்ணீரின் பாஷையில் படிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மணல் ஏறி மேடாகி, தாழ்வான கொள்ளிடம் நீரையெல்லாம் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போக, தஞ்சாவூர் ஜில்லாவின் வயல்கள் வறண்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் ஆர்தர் காட்டன், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் 1836-இல் கட்டி முடித்தார். அப்போது அவருக்கு வயது 33. ஆழம் காணாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அவர் கல்லணையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்; அதைப் பிற்காலத்தில் அவரே தாராளமாக ஒப்புக்கொண்டு எழுதியும் வைத்தார். கரிகாலன் பெயரால் வழங்கும் அந்தப் பழைய அணை, மணலில் தானாக அமிழ்ந்து உறுதிப்படும்படி பெரும் பாறைகளைப் போட்டுக் களிமண்ணால் பிணைத்தது. ஆளும் ஜாதியைச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவர், பெயர் தெரியாத பழைய தொழிலாளரின் வேலைக்கு முன் நின்று அதன் காரணத்தைக் கேட்டார் என்பதே அவருடைய பொறியியலைவிட எனக்குப் பெரிதாகப்படுகிறது. பிறர் எழுதிய பழைய நிரலைத் திறந்த மாத்திரத்தில் எல்லாம் குப்பை, அடியோடு மாற்றி எழுதவேண்டும் என்கிற பொறியாளர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களைத் தலைமைக்குக் கொண்டுவருமுன், அந்தப் பழைய வரி எந்த மழையில் எந்த அவசரத்துக்காக எழுதப்பட்டது என்று ஒருமுறையேனும் விசாரித்தார்களா என்று பார்க்கவேண்டும்.

மேலணையின் கதை அத்தோடு முடியவில்லை. அது வேண்டிய அளவுக்கு மேலேயே வேலை செய்துவிட்டது. காவிரிக்கு நீர் அதிகமாகப் போய், ஆற்றின் போக்கே மாறத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் தலைப்பில் படுகைக்குக் குறுக்கே ஒரு தடுப்பைப் போட்டும் சரிசெய்யவேண்டியதாயிற்று. கட்டுவது, ஆறு என்ன சொல்கிறது என்று பார்ப்பது, திருத்துவது. 2001-இல் ஸ்னோபேர்டில் கூடியவர்கள் கேட்டது வேறொன்றுமில்லை. அப்படிப் பலமுறை திருத்தப்பட்ட அணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மதகுகள் இடிந்து விழுந்தபோது, அதற்கு வயது ஏறக்குறைய 180.

இனி, அந்தக் கவலை ஒருவரிடம் உண்டா என்று கண்டுபிடிக்கும் மார்க்கம். அதற்கு வழிகாட்டுகிற, முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு காவிரி நாட்டில் இல்லை, தொண்டை நாட்டில் இருக்கிறது. என்றாலும் சோழராட்சிக்கு உட்பட்டதுதான். 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தச் சாசனம் ஏரி வாரியம் முதலான வாரியங்களுக்குக் குடவோலை எழுதிப் போட யார் தகுதியுடையவர் என்று விஸ்தாரமாகச் சொல்கிறது. வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த நிலம், சொந்த மனையில் வீடு என்பவை நமக்கு வேண்டாம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்ற விதியைத்தான் நம் முதலாளிகள் எடுத்துக்கொள்ளவேண்டும். மனிதரைக் கேள்வி கேட்பதைவிட, அவர் விட்டுவந்த வேலையைக் கேள்வி கேட்பது சுலபம். அவர் எழுதி ஒரு வருஷமான நிரலை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அவரைப் போனில் கூப்பிடாமல் அவர்களால் திருத்த முடிகிறதா? ஏன் இப்படிச் செய்தோம் என்று எங்கேயாவது நாலு வரி எழுதிவைத்திருக்கிறாரா? ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் நின்றுபோன அன்று, பிறர் தப்பைத் தேடினாரா, முதலில் அதை ஓடச் செய்துவிட்டு மறுநாள் காரணத்தைத் தேடினாரா?

பிறர் எழுதியதைச் சோதித்துச் சொல்கிற வேலை, கோடு ரிவ்யூ என்பது, இன்னும் நல்ல கண்ணாடி. குழுவின் ஆறு மாத ரிவ்யூக் குறிப்புகளை முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தாலே போதும். இது தப்பு, மாற்று என்று மட்டும் எழுதுகிறவர் ஒருவர். இந்த இடத்தில் இரண்டு பட்டியல் ஒரே நொடியில் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, எழுதியவரையே தம் பிழையைக் கண்டுபிடிக்கவிடுகிறவர் ஒருவர். இரண்டாமவரிடம் பழகிய ஜூனியர் ஒரு வருஷத்தில் தாமே அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருப்பார். அந்தக் குறிப்புகளில், கூட்டங்களில் வாய் திறக்காத ஒரு பெண்ணின் பெயர் அடிக்கடி வந்தால் ஆச்சரியப்படவேண்டாம். காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவரைத் தலைவராகக் காணும் கண்பழக்கம் நம் அலுவலகங்களில் வேரோடியிருக்கிறது, அதனால் நஷ்டப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுமே.

இன்னொரு விஷயம், எல்லாவற்றிலும் கடினமானது. இராஜராஜன் சபையில் காரியங்கள் பிரிந்து கிடந்தன. கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்தவன் பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான்; திருச்சுற்று மாளிகையை ஆணைப்படி எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழ பிரம்மராயன். பெருந்தச்சனுக்கு அரசன் தன் பெயரையே கொடுத்தான். ஆனால் அவனை மூவேந்தவேளான் ஆக்கவில்லை. தச்சாசாரியம் செய்தவன் தச்சனாகவே இருந்துகொண்டு, தன் தொழிலுக்குள்ளேயே அத்தனை கௌரவத்தையும் பெற்றான். நம் நிறுவனங்களிலோ நல்ல பொறியாளர் ஒருவர் தலையெடுத்தால் எட்டு வருஷத்தில் அவரை மானேஜராக்கி, லீவு விண்ணப்பங்களிலும் சம்பளப் பேச்சிலும் மூழ்கடித்துவிடுவோம். ஏனென்றால் ஊதியம் உயர்கிற ஏணி அந்த ஒன்றுதான். மனிதர்கள் தங்கள் திறமை தீர்ந்துபோகிற படிவரை உயர்த்தப்படுகிறார்கள் என்று லாரன்ஸ் பீட்டர் 1969-இல் பரிகாசமாக எழுதியது இங்கே பரிகாசமே அல்ல. தொழில்நுட்பத்திலேயே இருந்துகொண்டு மேலே போகும் இரண்டாவது ஏணி ஒன்றை, எட்டுப் பேர் அலுவலகத்தில்கூட, சம்பளத்தோடு போட்டுக்கொடுக்காத முதலாளி நல்ல லீட் கிடைக்கவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. என்ன செய்யவேண்டும் என்ற தீர்மானமும், எத்தனை நாளில் என்ற பேரமும் வேறொருவர் பொறுப்பில் இருந்தால்தான், எப்படிச் செய்வது என்பதில் லீட் நேர்மையாக இருக்கமுடியும். மூன்றையும் ஒருவர் தலையில் ஏற்றினால், தேதிக்காகத் தரத்தை அவரே தம்மிடமிருந்து திருடுவார்.

தேர்வு தப்பிப்போனால்? தப்பிப்போகவும் செய்யும். பட்டம் கொடுத்துவிட்டுப் பறிப்பதைப்போல ஒரு குழுவைக் கெடுப்பது வேறில்லை. ஆகையால் பட்டத்துக்கு முன் வேலையைக் கொடுப்பது நல்லது: இரண்டு பேரை மாறிமாறி, ஆளுக்கு மூன்று மாதம், பெயர் எதுவும் இல்லாமல், ஒரு வெளியீட்டின் தொழில்நுட்ப முடிவுகளுக்குப் பொறுப்பாக்கி, பிறகு குழுவில் உள்ளவர்களிடம் தனித்தனியாக, சிக்கல் வந்தபோது யாரிடம் போனீர்கள் என்று மட்டும் கேட்கலாம். யார் நல்லவர் என்று கேட்டால் மரியாதைக்காக ஒரு பதில் வரும். யாரிடம் போனீர்கள் என்று கேட்டால் நடந்தது வரும். அந்த ஆறு மாதத்தில் ஒரு ஐப்பசி மாதமாவது சேரும்படி முதலாளி நாள் பார்த்துக்கொண்டால், மழையும் தளர்வு ஆணையும் அவர் கேட்கமுடியாத கேள்விகளைத் தாமே கேட்டுவிடும்.